ஊர் திரும்பும் வழியும் எழுதப்பட வேண்டும்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அதிகமாக, பெரும்பாலும் செம்மண் சாலையிலேயே பயணம் செய்தால், மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லையை ஒட்டி கின்டோர் என்ற சிற்றூர் வரும். அங்கு வாழும் பின்டுபி என்ற பூர்வகுடி மக்கள் அதை வாலுங்குரு என்று அழைக்கிறார்கள். அரசு அமைத்த குடியிருப்புகளில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பின்டுபி குடும்பங்கள், 1980-களின் தொடக்கத்தில் தங்கள் முன்னோர் மண்ணுக்குத் திரும்பி வந்து அமைத்துக்கொண்ட ஊர் அது. அவ்வளவு பாடுபட்டுத் திரும்பியவர்களில் பலர், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இம்முறை அவர்களைக் கிளப்பியது சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸ் இயந்திரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான் இருந்தது. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 அல்லது 5 மணி நேரம் அந்த இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டியவரால், ஊரில் ஒரு சாவுக்குப் போய் உறவினர்களோடு முறைப்படி இருந்துவிட்டு வரக்கூட முடியாது. சிகிச்சையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் உயிர் பிரிந்துவிடும். சொந்த மண்ணில் சில நாட்கள், அல்லது அந்நிய நகரத்தில் சில ஆண்டுகள் என்பதுதான் அவர்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு.

கடும் நோயுற்ற ஒருவரிடம், அவர் தெளிவோடு பேச முடிகிற காலத்திலேயே, இனி வரப்போகும் சிகிச்சைகளில் எதை ஏற்பார், எதை மறுப்பார், தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டு எழுதி வைப்பதை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்கிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அடங்கிய நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியில் செவிலியராக வேலை பார்த்த ஆண்டுகளில் இந்தப் படிவத்தை நான் நெருக்கமாக அறிந்தேன். சிறுநீரக நோயாளிகளோடும், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை பெறுபவர்களோடும் இருந்த எனக்கு, பூர்வகுடி மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப இத்திட்டமிடலை மாற்றியமைக்க வேண்டும் என்ற பேச்சு முதலில் மிக எளிதான காரியமாகத் தோன்றியது. படிவத்தை அவர்கள் மொழியில் பெயர்த்து, அட்டையில் புள்ளி ஓவியம் ஒன்றை அச்சிட்டு, படங்களோடு கொடுத்தால் போதும் என்றுதான் பல அலுவலகங்கள் இன்றும் நினைக்கின்றன. படிவத்துக்கு அடியில் இருக்கும் அனுமானங்கள் மாறாத வரையில் அந்த வேலையால் பயன் மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள், கிடைத்த பதிலை நிறைவேற்ற ஊர்தியும் பணமும் ஆளும் உண்டா என்பவை மாற வேண்டும்.

அனுமானங்களில் முதலாவது, மரணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது எல்லோருக்கும் நல்லது என்பதாகும். இதை அசைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ என்ற பூர்வகுடி மக்களிடையே நடந்தது. அந்நாட்டில் 1990-இல் இயற்றப்பட்டு 1991 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு மத்தியச் சட்டம், அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும், அனுமதிக்கப்படும் நோயாளிகளிடம் தங்கள் சிகிச்சை விருப்பங்களை எழுதி வைத்த முன்கூட்டிய உயில் உண்டா என்று கேட்க வேண்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நோயாளியின் உரிமையைக் காக்க வந்த சட்டம் அது. ஜோசப் கரீஸ், லோர்னா ரோட்ஸ் ஆகிய இருவரும் நவஹோ மக்கள் 34 பேரிடம் விரிவாகப் பேசி, 1995-இல் ஜாமா மருத்துவ இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். எண்ணமும் சொல்லும் நடப்பைப் பிரதிபலிப்பதோடு நிற்பதில்லை, நடப்பை உருவாக்கவும் செய்கின்றன என்பது மரபு வழி நவஹோ நம்பிக்கை. உடல், உறவு, நிலம், வானம் எல்லாம் ஒத்திசைந்து நிற்கும் நிலையை அவர்கள் ஹோழோ என்கிறார்கள். அதைக் குலைக்காமல் நினைக்கவும் பேசவும் வேண்டும் என்பது வாழ்க்கை முறையாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம், "உங்கள் இதயம் நின்றுவிட்டால் என்ன செய்யட்டும்?" என்று மருத்துவர் கேட்பது அச்சானியமான பேச்சு. அவர் காதில் அது தகவலாக விழுவதில்லை, தீங்கை வரவழைப்பதாகவே விழுகிறது. சட்டத்தின்படி நடக்கும் மருத்துவமனைகள் இந்த நோயாளிகளுக்கு நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா என்று அந்தக் கட்டுரை கேட்டது.

அதே ஆய்வாளர்கள் 2000-இல் எழுதிய இன்னொரு கட்டுரை எனக்கு இதைவிடப் பயன்பட்டது. பேசவே கூடாது என்றால் மருத்துவர் என்ன செய்வார்? நவஹோ மக்களே வழி சொல்லியிருந்தார்கள். முதலில் பழக வேண்டும், குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இப்படி ஒரு விஷயத்தைப் பேசலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். அதன் பிறகும் "நீங்கள்" என்று சுட்டாமல், இதே நோய் வந்த வேறு யாரோ ஒருவருக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்பவர் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வார். நவஹோ நாட்டின் ஃபோர்ட் டிஃபையன்ஸில் வீட்டுப் பராமரிப்புக் குழுவினர், படிவத்துக்கு முன்னால் ஒரு கவிதையைக் கையில் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கவிதையில் பேசுபவர் முகமற்ற ஒருவர், ஆகையால் அது யார் மேலும் விழாது. மருத்துவக் கல்வியில் நேரடியாகப் பேசு, சுற்றி வளைக்காதே என்றுதான் நமக்குக் கற்பிக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பேசுவதிலும் ஒரு மரியாதை உண்டு, அதிலும் முழு உண்மையைச் சொல்ல முடியும் என்பதை இந்தச் சிறிய மாற்றம் காட்டுகிறது.

மத்திய ஆஸ்திரேலியாவின் நிலைமை வேறு, அதன் மக்கள் வேறு. நவஹோ நம்பிக்கையை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது தவறாகும். ஆனால் காகிதத்தின் மேலுள்ள அச்சம் இரண்டு இடங்களிலும் உண்டு, ஆஸ்திரேலியாவில் அதற்குத் தெளிவான வரலாறும் உண்டு. 1953-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1957-இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, நார்தர்ன் டெரிட்டரியின் பூர்வகுடி மக்களில் பெரும்பாலானோர் அரசின் பாதுகாப்பில் உள்ள சிறார்களைப் போலப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். எங்கே வசிப்பது, யாரை மணப்பது, சொத்தை என்ன செய்வது என்பவற்றில் அதிகாரியின் சொல்லே இறுதியாக இருந்தது. 1964-இல்தான் அது நீக்கப்பட்டது. இன்று எழுபதைத் தாண்டிய நோயாளி, அந்தப் பதிவேட்டில் குழந்தையாக இருந்தவர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன காலத்தின் நினைவும் அவர்களுக்கு உண்டு. 1997-இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை அதை விரிவாக ஆவணப்படுத்தியது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்து, "இதில் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் நன்மைக்குத்தான்" என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் என்ன ஓடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். உலகிலேயே முன்னோடியாக, மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தை நார்தர்ன் டெரிட்டரி 1995-இல் இயற்றியது. 1996-இல் நடைமுறைக்கு வந்த அதை மறு ஆண்டே ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் செயலிழக்கச் செய்தது. அந்தச் சிறிய இடைவெளியில், மருத்துவமனைக்குப் போனால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் பூர்வகுடி சமூகங்களில் பரவியிருந்தது அக்கால விசாரணைகளில் பதிவாகியிருக்கிறது. இறுதிக் கட்டத்தில் மார்ஃபின் ஊசியோடு படுக்கையருகே செல்லும் செவிலியருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கடைசி ஊசியைப் போட்டவர் கையால்தான் சாவு வந்தது என்று குடும்பம் எண்ணிவிட்டால், அந்தச் செவிலியரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். ஆனால் சிற்றூர்க் கிளினிக்கில் வேலை செய்பவர் அதே ஊரைச் சேர்ந்த பூர்வகுடி சுகாதாரப் பணியாளர் என்றால், அவர் அந்த ஊரிலேயே, அந்தக் குடும்பத்தின் முன்னிலையிலேயே வாழ வேண்டியவர். மருந்து எதற்கு, எவ்வளவு, யார் பார்க்கக் கொடுக்கப் போகிறோம் என்பதை உரியவர்களிடம் முன்னரே பேசி எழுதி வைத்தால், அந்தத் திட்டம் நோயாளியைப் போலவே அவரையும் காக்கும்.

இதிலிருந்து முடிவெடுப்பவர் பற்றிய கேள்விக்கு வர வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். நார்தர்ன் டெரிட்டரியின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரையோ பலரையோ நியமிக்கலாம் என்கிறது. சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தாலும், வார்டில் கேட்கப்படுவது "நெருங்கிய உறவினர் யார்? ஒரு தொலைபேசி எண் கொடுங்கள்" என்பதுதான். பின்டுபி உள்ளிட்ட மேற்குப் பாலைவன மக்களிடையே தாயின் சகோதரிகள் அனைவரும் தாய்மார்கள், தந்தையின் சகோதரர்கள் அனைவரும் தந்தையர். தாயின் சகோதரருக்கும் தந்தையின் சகோதரிக்கும் உரிய இடமும் கடமையும் வேறு. பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன், அத்தை என்று முறை வைத்துப் பேசிப் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிராக இருக்காது. தாய்மாமனைக் கேட்காமல் சபையில் ஒரு முடிவைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். அங்கே இதைவிட இறுக்கமான விதிகளும் உண்டு. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவோ, ஒரே அறையில் உட்காரவோ, நேரடியாகப் பேசவோ கூடாது. இது தெரியாமல் ஒரு குடும்பக் கூட்டத்துக்கு இருவரையும் அழைத்து எதிரெதிரே நாற்காலி போட்டால், இருவரில் ஒருவர் எதுவும் சொல்லாமல் வெளியேறிவிடுவார். "குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பேட்டில் ஏறிவிடும்.

ஒரே ஒருவர் பெயரை எழுதி வாங்குவது நமக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. அந்த ஒருவருக்கு அதுவே ஆபத்தாக முடியலாம். ஒரு மரணம் நேர்ந்தபின், யார் சரியாகக் கவனிக்கவில்லை, யார் சம்மதித்தார்கள் என்ற கேள்வி உறவுகளுக்குள் எழுகிறது. டயாலிசிஸை நிறுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டவர் தனி ஆளாக நின்றால், பழி முழுவதும் அவர் தலையில் விழும். அதனால் சில குடும்பங்களில் அன்பு மிகுந்தவரே கையெழுத்துப் போட மறுப்பார். ஒரு நல்ல திட்டம், எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதோடு, அந்த முடிவின்போது யார் யார் உடனிருந்தார்கள், பேசும் உரிமை யாருக்கு இருந்தது, வர முடியாத யாரிடம் தொலைபேசியில் கேட்கப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தனிமனிதரின் சுயாதீனம் என்று மருத்துவ அறவியல் உயர்த்திப் பிடிக்கும் கொள்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பின்டுபி மூதாட்டி, "என் தம்பிமார்களைக் கேளுங்கள்" என்று சொல்லும்போது அவர் தன் சுயாதீனத்தைக் கைவிடுவதாக நினைப்பதுதான் பிழை. அவர் அதைத் தன் முறைப்படி செலுத்துகிறார்.

அப்படிப்பட்ட ஒரு உரையாடலில் நான் உடனிருந்திருக்கிறேன். நோயாளியான அந்த அம்மையார் யார், எந்த ஊர் என்பதை இங்கே எழுதுவது முறையாகாது. முதல் கூட்டம் வார்டின் சிறிய அறையில் நடந்தது. மருத்துவர் கனிவானவர், நேரமும் ஒதுக்கியிருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, டயாலிசிஸின்போது இரத்த அழுத்தம் சரிகிறது, சிகிச்சையே உடலைத் தாங்க முடியாத நிலைக்குத் தள்ளுகிறது என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மையார் ஜன்னலைப் பார்த்தபடியே ஒவ்வொரு கேள்விக்கும் "யெஸ்" என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக விருப்பமா என்பதற்கும் "யெஸ்", அங்கே போகாமல் இருக்க விருப்பமா என்பதற்கும் "யெஸ்". அதிகாரத்தில் இருப்பவரின் பேச்சைச் சீக்கிரம் முடித்து வைக்க ஆமாம் சொல்வது, காலனிய ஆட்சியில் பிழைத்திருக்கக் கற்றுக்கொண்ட வழி. நீதிமன்ற விசாரணைகளிலும் இதே பழக்கத்தை மொழியியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பூர்வகுடி நோயாளிகளுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பாலமாக இருக்கும் தொடர்பு அலுவலரை அழைத்து வரச் சொன்னார். அந்தப் படிவத்தில் அன்று ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை என்பதை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

தொடர்பு அலுவலர் நடுத்தர வயதுப் பெண். பெண் நோயாளிக்குப் பெண் என்பது அங்கே விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கவில்லை, கட்டாயமாகவே இருந்தது. அவர் முதலில் செய்த காரியம், இடத்தை மாற்றியது. சக்கர நாற்காலியைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய், மர நிழலில் போர்வை விரித்து, எல்லோரையும் தரையில் உட்கார வைத்தார். அக்காள் முறையில் இருவரும், மகள் முறையில் ஒருவரும் வந்திருந்தார்கள். மருத்துவரும் நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தோம். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். நெடுநேரம் யாரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. யார் ஊரில் மழை பெய்தது, யார் பேரனுக்குக் கால்பந்தில் இடம் கிடைத்தது என்றே பேச்சு போயிற்று. பிறகு அலுவலர் மண்ணில் விரலால் ஒரு வட்டம் வரைந்தார், அது மருத்துவமனை. தூரத்தில் இன்னொரு வட்டம், அது ஊர். இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு. "சில பேருக்கு இந்த இயந்திரம் கொஞ்ச காலம் உதவி செய்யும், அப்புறம் உடம்பு அதை வேண்டாம் என்று சொல்லும், அப்போது சில பேர் இங்கேயே இருந்தார்கள், சில பேர் அங்கே போனார்கள்" என்று அவர் சொன்னது மொழிபெயர்ப்பாளர் வழியாக எங்களுக்கு வந்தது. யாரைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மையாரும் அன்று பதில் சொல்லவில்லை. இரண்டாவது வட்டத்தின் அருகே கையை வைத்து, மண்ணை மெதுவாகச் சமன் செய்துகொண்டிருந்தார். பதில் சில நாட்கள் கழித்து மூத்த அக்காள் வழியாக வந்தது: ஊருக்குப் போக வேண்டும், ஆனால் தம்பி ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகு.

நவஹோ மக்கள் கற்றுத்தந்த அதே படர்க்கைப் பேச்சு, அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத ஒரு பெண்ணின் வாயில் இயல்பாக வந்ததை நான் கவனித்தேன். அதற்காக எல்லாப் பூர்வகுடி மக்களும் ஒன்றுபோல நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க்கில் 1877-இல் லூதரன் மறைப்பணி நிலையம் தொடங்கியது முதல் பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாக வாழும் அரன்டா குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலர் மரணத்தைப் பற்றிச் சங்கீத வசனங்களோடு மிக வெளிப்படையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சிட்னியில் பிறந்து வளர்ந்த ஒரு பூர்வகுடி ஆசிரியை, முழு விவரத்தையும் எண்களோடு தன்னிடமே நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பண்பாட்டுக்கு ஏற்ற பராமரிப்பு என்ற பெயரில் அவர்களிடம் மர நிழலையும் மணல் ஓவியத்தையும் திணிப்பதும் இன்னொரு வகை அவமதிப்பே. கேட்கும் விதத்தைக்கூட முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இதைப் பற்றிப் பேசலாமா, யாரோடு பேச வேண்டும், ஆணா பெண்ணா பேச வேண்டும், எந்த மொழியில், எங்கே வைத்து.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இதைச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு, 2002-இல் மருத்துவ ஆய்வாளர் ஆலன் காஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு போதுமான பதிலைத் தருகிறது. நார்தர்ன் டெரிட்டரியின் தலைநகரான டார்வினில் டயாலிசிஸ் பெற்றுவந்த, யோல்ங்கு என்ற பூர்வகுடியைச் சேர்ந்த நோயாளிகளும் மருத்துவப் பணியாளர்களும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து இரு தரப்பிலும் கேட்டபோது, இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டதாக நம்பிய இடங்களிலும் புரிதல் நிகழவில்லை என்று தெரிய வந்தது. வாரம் மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் சந்தித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அவசரச் சிகிச்சைப் பிரிவில் பத்து நிமிடங்களில் வாங்கப்படும் சம்மதத்தின் பொருள் என்ன?

இனி ஊர் திரும்புவதைப் பற்றிச் சொல்கிறேன். முன்கூட்டிய திட்டங்கள் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் சிகிச்சைகளைப் பட்டியலிடுகின்றன: நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி, வென்டிலேட்டர், உணவுக் குழாய். மத்திய ஆஸ்திரேலியாவில் நான் கேட்ட பதில்களில் இவை அபூர்வமாகவே வந்தன. திரும்பத் திரும்ப வந்தது இடம். எந்த நீர்நிலையருகே, எந்த மலை தெரியும்படி, யார் வீட்டில். வேறு மண்ணில் உயிர் பிரிந்தால் தங்கள் மண்ணோடும் முன்னோரோடும் உள்ள தொடர்பு அறுந்துபோகும் என்ற அச்சம் அவர்களுக்கு வலியைவிடப் பெரியதாக இருந்தது. அந்த விருப்பத்தை அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, பிறகு விமானத்துக்குப் பணம் யார் கொடுப்பது என்று மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் நிலையில், நோயாளி வார்டிலேயே இறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை அது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமையானது. கேட்டதனால் அவர் நம்பினார்.

எனவே திட்டத்தில் வழியும் எழுதப்பட வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பில் விமானம் கிடைக்கும், உடன் யார் போவார், ஊர்க் கிளினிக்கில் மார்ஃபினைப் பூட்டி வைக்க அலமாரி உண்டா, தோலுக்கடியில் மருந்து செலுத்தும் பம்பை இரவில் யார் பார்ப்பார், வீட்டில் மின்சாரம் உண்டா என்பன போன்ற வறட்டு விவரங்கள்தாம் அந்த விருப்பத்தின் உயிர். பல சிற்றூர்களில் மின்சாரத்துக்கு முன்கூட்டியே அட்டை வாங்கிப் பணம் கட்ட வேண்டும். பணம் தீர்ந்தால் நள்ளிரவிலும் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். அதையும் எழுத வேண்டும். அலாஸ்காவில் பிரிஸ்டல் விரிகுடாப் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. அங்கே தில்லிங்ஹாமில் இயங்கும் பூர்வகுடி சுகாதார அமைப்பு, ஊர்த் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, வீட்டிலேயே இறக்க விரும்புபவர்களுக்கு உதவும் திட்டத்தை நடத்திக் காட்டியது. வழி அமைத்துக் கொடுத்தால் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கின்டோர் மக்கள், யாராவது வழி அமைத்துத் தரட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. அங்கும், கிவிர்குரா என்ற இன்னொரு பின்டுபி ஊரிலும் இருந்த ஓவியர்கள், ஆண்கள் சேர்ந்தும் பெண்கள் சேர்ந்தும் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நடந்த ஏலத்தில், அவர்களுக்காக 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணத்தில் அவர்கள் தொடங்கிய அமைப்பு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அதன் வீட்டின் நிறத்தால் பர்ப்பிள் ஹவுஸ் என்று அறியப்படுகிறது. 2004-இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. 2011 முதல் இயந்திரங்கள் பொருத்திய லாரி ஒன்று ஊர் ஊராகப் போகிறது. நகரத்தில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் அதன் உதவியால் ஒரு சடங்குக்கோ சாவுக்கோ ஊர் போய்வரலாம். தொலைதூரச் சிற்றூர்களில் செவிலியர் மேற்பார்வையில் நடக்கும் டயாலிசிஸுக்கு தேசிய மருத்துவக் காப்பீட்டில் 2018 நவம்பரில்தான் கட்டணம் ஒதுக்கப்பட்டது. ஓவியம் விற்றுப் பணம் திரட்டியதற்கும் அரசு கணக்கில் சேர்த்ததற்கும் இடையில் 18 ஆண்டுகள். இறுதிக்காலப் பராமரிப்பைப் பற்றிய கட்டுரைகளில் இந்த அமைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் பார்வையில், பூர்வகுடி மக்கள் தாங்களே வடிவமைத்த முன்கூட்டிய பராமரிப்புத் திட்டங்களில் இதுவே தலையாயது. "சொந்த மண்ணா, உயிரா" என்ற கேள்வியின் இரு பக்கங்களையும் ஏற்க மறுத்து, அந்தக் கேள்வியையே அவர்கள் மாற்றினார்கள்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் முன்கூட்டிய மருத்துவ உயிலை அங்கீகரித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. இரண்டு சாட்சிகள், ஒரு முத்திரை, ஒரு தனிமனிதரின் தெளிவான கட்டளை என்ற அதே அடித்தளம்தான் அதற்கும். நீலகிரியின் பழங்குடி ஊர்களுக்கு இது எந்த வடிவத்தில் போய்ச் சேரப்போகிறது என்பதை, அந்த ஊர்களில் வேலை செய்பவர்களும் அந்த மக்களும் இப்போதே பேசத் தொடங்கலாம்.

மரணத்துக்குப் பிறகு நடப்பதும் இந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவின் பல சமூகங்களில் இறந்தவரின் பெயரை நெடுங்காலம் உச்சரிக்க மாட்டார்கள், படத்தையும் காட்ட மாட்டார்கள். அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவரைக்கூட வேறொரு மாற்றுப் பெயரால் அழைப்பார்கள். அவர் வாழ்ந்த வீட்டையும் இறந்த அறையையும் புகையிட்டுத் தூய்மை செய்வார்கள். மருத்துவமனைக் கணினிக்கு இதெல்லாம் தெரியாது. இறந்து சில மாதங்கள் ஆன பின்னும், கண் பரிசோதனைக்கு வரச் சொல்லி அந்த முழுப் பெயரோடு ஒரு கடிதம் வீட்டுக்குப் போகும். துக்கத்தில் இருக்கும் மகள் அதைப் பிரிப்பாள். ஆகவே திட்டம் எழுதும்போதே சில கேள்விகளையும் கேட்கத் தொடங்கினோம். செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், தொலைபேசியிலா நேரிலா, பிறகு வரும் கடிதங்களில் எந்தப் பெயர் இருக்கலாம், அறையில் புகையிட யார் வருவார்கள், அதுவரை அங்கே வேறு நோயாளியைச் சேர்க்காமல் வைத்திருக்க முடியுமா என்பவை அவை. மர நிழலில் பேசிய அதே அக்காளிடம் இதைக் கேட்டபோது, கடிதம் எதுவும் வேண்டாம், ஊர்க் கிளினிக்கில் இருக்கும் இன்னாரிடம் சொல்லுங்கள், அவர் வந்து எங்களிடம் சொல்வார் என்று பதில் வந்தது. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால், விளிம்பில் கையால் எழுதி, கணினியில் முகவரியை நீக்கச் சொல்லிப் பதிவு அறைக்கு ஒரு நகல் அனுப்பினோம்.